வோல்ட்இ காலில் க்யூசிஐ 1 பேரர் எழவில்லை: எங்கே தேடுவது?

கோர் நெட்வொர்க் தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள். டெஸ்ட் லேபில் வோல்ட்இ (4ஜி வழிக் குரல்) கால் ரிங் அடிக்குமுன்பே அறுந்துவிடுகிறது. ரெஜிஸ்ட்ரேஷனில் குறையில்லை, க்யூசிஐ 5 பேரரில் (பேரர் என்பது போனுக்கும் நெட்வொர்க்குக்கும் இடையிலான டேட்டா பாதை, க்யூசிஐ அதன் தர வகை எண்) சிக்னலிங் ஒழுங்காக ஓடுகிறது. அழைப்பை அமைக்கும் செய்திகளான இன்வைட், 100 ட்ரையிங், 183 செஷன் ப்ராக்ரஸ், ப்ராக், அதற்கு 200 ஓகே எல்லாம் வரிசையாக வருகின்றன. குரலுக்கான க்யூசிஐ 1 பேரர் மட்டும் அழைக்கப்படும் பக்கத்தில் எழவில்லை. அந்த போன் கொஞ்சம் காத்திருந்துவிட்டு 580 ப்ரீகண்டிஷன் ஃபெயிலியர் (தேவையான பேரர் தயாராகவில்லை என்ற பிழை) அனுப்புகிறது.

ட்ரேஸில் பார்த்தவரை: ஆர்எக்ஸில் (குரல் சேவைப் பகுதிக்கும் பாலிசி சர்வரான பிசிஆர்எஃப்-க்கும் இடையிலான இணைப்பு) ஏஏஆர் கோரிக்கைக்கு 2001 (வெற்றி) பதில். ஜிஎக்ஸில் (பிசிஆர்எஃப்-க்கும் டேட்டா கேட்வேயான பி-கேட்வேக்கும் இடையில்) ரூலைக் கொண்டுசெல்லும் ஆர்ஏஆர் போகிறது, அதற்கான பதில் ஆர்ஏஏ-வும் 2001தான். ஆனால் எஸ்5-இல் (பி-கேட்வேயிலிருந்து எஸ்-கேட்வேக்கு) கிரியேட் பேரர் ரிக்வெஸ்ட்டே காணோம். ஆக, இநோட்பி (4ஜி டவர்) மேல் பழி போட வழியில்லை.

பிசிஆர்எஃப் அனுப்பும் ரூல் பெயர் பி-கேட்வேயில் இருப்பதோடு பொருந்தாததா, அந்த ஏபிஎன்-னில் (போன் சேரும் டேட்டா நெட்வொர்க்கின் பெயர்) க்யூசிஐ 1 அனுமதி இல்லாததா? பின்னால் பி-கேட்வேயிலிருந்து பிசிஆர்எஃப்-க்கு வரும் சிசிஆர்-அப்டேட் செய்தியில் ரூல் ஃபெயிலியர் கோட் தென்படுமா?