புதுப்பிப்பு: சித்தப்பா காரில் ஓட்டுநர் தேர்வு, இன்சூரன்ஸ் செல்லுமா?

ஓட்டுநர் தேர்வுக்குச் சித்தப்பாவின் காரை இரவல் வாங்கினால் அவருடைய இன்சூரன்ஸ் எனக்கும் செல்லுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "காருக்குத்தானே இன்சூரன்ஸ், யார் ஓட்டினால் என்ன" என்று சிலர் சொன்னீர்கள். எங்கள் விஷயத்தில் அது சரியில்லை.

சித்தப்பாவும் நானும் உட்கார்ந்து பாலிசியை முழுக்கப் படித்தோம். உள்ளே, பொடி எழுத்தில், பெயர் குறிப்பிடப்பட்ட ஓட்டுநர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதில் என் பெயர் இல்லை. அவர் உடனே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போன் போட்டார். பழகுநரையும் சேர்க்கலாம், பிரீமியம் கொஞ்சம் கூடும் என்றார்கள். தேர்வாளர் பக்கத்தில் இருக்கும் அந்த நேரத்துக்கும் செல்லுமா என்று நான் தனியாகக் கேட்டேன். செல்லும் என்றார்கள். அதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டோம். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள், நாளைக்கு கிளெய்ம் என்று போனால் வாய்ப்பேச்சு நிற்காது.

நான் யோசிக்காதது ஒன்று: தேர்ச்சி பெற்ற அந்த நிமிடமே நான் பழகுநர் இல்லை. பழகுநர் என்று வாங்கிய காப்பு அதோடு முடிந்துவிடும் என்றார்கள். அதனால் திரும்பும்போது சித்தப்பாதான் ஓட்டினார்.

அப்புறம், எங்காவது இடித்து கிளெய்ம் செய்தால் அவருடைய நோ கிளெய்ம் போனஸ்தான் (கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகும். சின்னச் சேதம் என்றால் கிளெய்ம் செய்யாமல் நானே கட்டிவிடுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவருக்கும் அதில் நிம்மதி.

தேர்வில் பாஸ். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.