படிப்பதற்கான கைப்பேசி: பெரிய திரையா, வேகமான சிப்பா?

பொருநைக்கரை (கேள்வி):
பணி ஓய்வு பெற்ற என் தந்தைக்குப் புதிய கைப்பேசி ஒன்று வாங்க வேண்டும். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து இறக்கிய பழைய நூல்களைப் பிடிஎஃப் கோப்புகளாகப் படிப்பதும், நாளிதழ் பார்ப்பதும், யூபிஐ வழியாகப் பணம் செலுத்துவதும்தான் அவருக்குக் கைப்பேசியால் ஆக வேண்டிய வேலைகள். இரண்டு கைப்பேசிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் 6.7 அங்குலத் திரை, 720×1600 பிக்சல், 4 ஜிபி ரேம் (செயலிகள் இயங்கும் தற்காலிக நினைவகம்), வேகம் குறைந்த இஎம்எம்சி வகைச் சேமிப்பகம். மற்றதில் 6.3 அங்குலத் திரை, 1080×2400 பிக்சல், 8 ஜிபி ரேம், வேகம் கூடிய யூஎஃப்எஸ் 2.2 வகைச் சேமிப்பகம், சிப்பும் மேலானது. இரண்டாவது சற்றே விலை கூடுதல் என்றாலும் வரம்புக்குள் அடங்குகிறது. வயதானவர் கண்ணுக்குப் பெரிய திரையே நல்லது என்கிறார் கடைக்காரர். எதைத் தேர்ந்தெடுப்பது?

நூற்கடல்:
அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளக்கப்படுவது என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். இப்போதைய திரைகள் பெரும்பாலும் 20:9 விகிதத்தில் நெடிதாக வருவதால், 6.7 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 7 செ.மீ., 6.3 அங்குலத் திரையின் அகலம் 6.6 செ.மீ.; அதாவது ஒரு வரியைப் படிக்க உங்கள் தந்தைக்குக் கூடுதலாகக் கிடைப்பது நான்கு மில்லிமீட்டர்தான். 2011இல் வந்த சாம்சங்கின் முதல் கேலக்ஸி நோட் கைப்பேசியின் 5.3 அங்குலத் திரை, 16:10 விகிதத்தில் இருந்ததால், இவை இரண்டையும்விட அகலமானது என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

டெம்மி அளவு நூலின் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலம் கொண்டது. கைப்பேசியை நெடுக்காகப் பிடித்தால் இரண்டிலுமே எழுத்து பாதியளவுக்குச் சுருங்கும். படுக்கைவாட்டில் திருப்பினால் 6.3 அங்குலத் திரையிலேயே பக்கத்தின் முழு அகலமும் அச்சிட்ட அளவில் தெரியும். ஆகவே திரையளவை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வது வீண்.

கொங்குவாசி:
உடன்படுகிறேன். உண்மையான வேறுபாடு பிக்சல் அடர்த்தியில் இருக்கிறது. முதலாவதில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 262 பிக்சல், இரண்டாவதில் 418. சுழிகளும் புள்ளிகளும் நிறைந்த நம் எழுத்துக்கு இது பெரிய வேறுபாடு. மங்கலாக ஒளிநகல் எடுக்கப்பட்ட பழைய நூலில் மெய்யின் மேல் இருக்கும் புள்ளி காணாமல் போனால் படிப்பவர் திணறுவார்.

இத்தகைய கோப்புகளில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம் என்பதால், பக்கத்தைப் புரட்டும்போதும் பெரிதாக்கும்போதும் சிப் அதை விரித்து மீண்டும் வரைய வேண்டியிருக்கிறது. 4 ஜிபி ரேமில் கணிசமான பகுதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும் நிலையில், வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக் காத்திருப்பது வழக்கமாகிவிடும். இஎம்எம்சி ஒரு நேரத்தில் தரவைப் படிக்கவோ எழுதவோ மட்டுமே செய்யும். யூஎஃப்எஸ் இரண்டையும் ஒருசேரச் செய்யும். பின்னணியில் செயலிகள் புதுப்பிக்கப்படும்போதுதான் இதன் அருமை தெரியும்.

கடையில் "4 ஜிபியுடன் இன்னொரு 4 ஜிபி" என்று சொன்னால் மயங்க வேண்டாம். அது சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம், ரேமின் வேகம் அதற்கு வராது.

மரிக்கொழுந்து:
மேலே இருவரும் படிப்பதை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறார்கள். முதியவர்களுக்குத் தட்டச்சுப் பலகையிலும் யூபிஐ கடவு எண்ணை இடுவதிலும் விசையின் அளவு முக்கியம். கை சற்று நடுங்கினாலும் அந்த நான்கு மில்லிமீட்டர் உதவும். எழுத்தளவை மிகவும் பெரிதாக்கினால் சில செயலிகளில் பொத்தான்கள் திரைக்கு வெளியே தள்ளப்படுவதும் உண்டு. திரை பெரிதானால் இந்தத் தொல்லை குறையும்.

அதே வேளையில், பெரிய திரைக்காகத் திறனை இழந்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. 2020இல் வந்த 4.7 அங்குல ஐஃபோன் எஸ்இ, 6.5 அங்குல ஐஃபோன் 11 புரோ மேக்ஸில் இருந்த அதே ஏ13 சிப்பைக் கொண்டிருந்தது. எதை எதோடு இணைப்பது என்பது நிறுவனம் விலைக்கேற்பச் செய்யும் முடிவு. 6.7 அங்குலமும் 1080 பிக்சலும் 6 ஜிபி ரேமும் சேர்ந்த கைப்பேசிகள் இருபதாயிரத்துக்குள்ளேயே விற்கின்றன. மூன்றாவதாக அப்படியொன்றைத் தேடுங்கள். எடையையும் பாருங்கள், படுத்துக்கொண்டு படிப்பவரானால் 200 கிராமுக்கு மேல் கை வலிக்கும்.

பொருநைக்கரை:
அனைவருக்கும் நன்றி. 720 பிக்சல் கைப்பேசியை விலக்கிவிட்டேன். கடையில் வைத்து வேகத்தைச் சோதிக்க வழி உண்டா?

கொங்குவாசி:
தந்தையார் படிக்கும் நூல்களிலேயே பெரிய கோப்பு ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கும் கைப்பேசியில் திறந்து, நடுப்பக்கத்துக்குத் தாவிப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து தெளிய இரண்டு மூன்று நொடி ஆனால் அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.