எஃப்டி8 டீகோட் ஆகும்போது புரோகிராம் மூடிக்கொள்கிறது – டம்ப் ஃபைல் எடுப்பது எப்படி?

எஃப்டி8 என்ற அமெச்சூர் ரேடியோ டிஜிட்டல் முறைக்குப் பயன்படுத்தும் மென்பொருளின் ரிலீஸ் கேண்டிடேட்டை, அதாவது இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, போன வாரம் போட்டேன். அன்றிலிருந்து எந்த எர்ரர் மெசேஜும் இல்லாமல் பட்டென்று மூடிக்கொள்கிறது. 15 வினாடிச் சுற்று முடிகிற நேரம், வாட்டர்ஃபால் (சிக்னல்களைக் காட்டும் படம்) ஓடிக்கொண்டிருக்கும், டீகோட் பட்டன் நிறம் மாறும், அவ்வளவுதான், விண்டோவே காணாமல் போய்விடும். 14.074 மெகாஹெர்ட்ஸில் கூட்டம் அதிகமானால் அடிக்கடி. காலியான பேண்டில் மணிக்கணக்கில் ஓடுகிறது.

ரேடியோ ஐகாம் ஐசி-7300, ஒரே யூஎஸ்பி கேபிளில் ஆடியோவும் கேட் கன்ட்ரோலும் (கணினியிலிருந்து ரேடியோவை இயக்குவது). கணினி விண்டோஸ் 11, 64 பிட்.

முதலில் டிரான்ஸ்மிட் செய்யும் ஆர்எஃப் (ரேடியோ அலை) கேபிள் வழியே உள்ளே வருகிறதோ என்று, அதைத் தடுக்கும் ஃபெரைட் மாட்டினேன். பலனில்லை. டிரான்ஸ்மிட்டே செய்யாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாலும் விழுகிறது, அதனால் அது காரணமில்லை. கான்ஃபிகரேஷனைப் புதிதாக்கியாயிற்று, சவுண்ட் டிரைவரையும் மாற்றியாயிற்று. பழைய ஸ்டேபிள் பதிப்பு இதே கணினியில் ஒழுங்காக ஓடுகிறது.

முக்கியமான விஷயம் இது: கிராஷ் ஆன சுற்றின் ஆடியோ பதிவான வேவ் ஃபைல் சேமிப்பில் இருந்தது. ரேடியோவைக் கழற்றிவிட்டு அதை மட்டும் திறந்தாலும் புரோகிராம் விழுகிறது, ஒவ்வொரு முறையும். டீகோட் ஆழத்தை ‘ஃபாஸ்ட்’டில் வைத்தால் அதே ஃபைல் தப்பித்துவிடுகிறது. டீகோடரில்தான் கோளாறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஈவென்ட் வியூவரில் அக்சஸ் வயலேஷன் (அனுமதியில்லாத மெமரியைத் தொட்ட பிழை) என்று மட்டும் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டம்ப் (புரோகிராமின் மெமரியின் நகல்) எடுக்கலாம் என்றால், அதற்குள் புரோகிராமே போய்விடுகிறது.

வேவ் ஃபைலோடு சேர்த்து டெவலப்பர்களுக்கு அனுப்ப, விழுகிற அந்தக் கணத்தின் முழு டம்ப் ஃபைல் தானாகவே பதிவாகும்படி விண்டோஸில் எப்படி அமைப்பது?