28 இஞ்சி ரயர்: கடைசி ஒரு சாண் றிம்மில் ஏறுதில்லை

மாங்குளத்தான்:
வணக்கம். மகளின் சைக்கிளுக்குப் பின் ரயர் புதிதாக வாங்கினேன். ஏ-9 வீதியிலிருந்து உள்ளுக்குப் போகும் கிரவல் றோட்டால்தான் பள்ளிக்கூடம் போகிறாள். மாரிமழைக்கு முதல் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் கையாலேயே ஏறிவிட்டது. மற்றப் பக்கத்தில் கடைசி ஒரு சாண் ஏறுதில்லை. ஸ்குறூ டிரைவரால் நெம்பி ஏற்றினேன், காற்றடித்ததும் சீறியது. ரியூபில் நகம் கீறியது போல ஒரு வெட்டு. ஒட்டுப் போட்டு மறுபடி நெம்ப இன்னொரு வெட்டு. கடையில் கொடுக்கலாம், ஆனால் வழியில் காற்றுப் போனால் அவளே கழற்றி மாட்டப் பழக வேண்டும். என்ன கருவி வாங்குவது?

பரந்தன் சந்தி:
ரயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 40-635 என்று இருக்கிறதா? 635 என்பது றிம்மில் ரயர் உட்காரும் விட்டம், மில்லிமீற்றரில். 28 என்று போட்டு 622 வருவதும் உண்டு. அது 13 மி.மீ. சின்னது, என்ன செய்தாலும் ஏறாது.

பழைய சைக்கிள் கடை:
தம்பி, ஸ்குறூ டிரைவரை எடுத்து வையுங்கோ. தொண்ணூறுகளில் புதுக்குடியிருப்பில் சைக்கிள் திருத்தியவன் நான். பொருளாதாரத் தடைக்காலம், பெற்றோல் கிடையாது. நெல்மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் கரியரில்தான். ஒரே ரியூபில் பதினொரு ஒட்டு எண்ணியிருக்கிறேன். அதில் எங்கள் கையாலேயே ஒரு வெட்டு விழுந்தால் அந்த மனுசர் வீட்டுக்கு நடைதான். அதனால் நெம்பியைக் கடைசியாகத்தான் தொடுவோம்.

றிம்மின் உள்ளே விரலால் தடவிப் பாருங்கோ. இரண்டு கரையும் மேடு, நடுவில் பள்ளம். ரயர் ஓரத்துக் கம்பி இழுபடாது. அது ஓரிடத்தில் மேட்டில் நின்றாலும் அந்தளவு இளக்கம் கடைசியாக ஏற்றும் இடத்தில் குறையும். வால்வு இருக்கும் இடத்தில் மட்டும் அது பள்ளத்தில் இறங்காது, வால்வின் அடி தடுக்கும். ஆகவே வால்வுக்கு நேரெதிரே தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் மறுவளமாகச் செய்கிறார்கள்.

ரியூப் வட்டம் பிடிக்குமளவு காற்று போதும். ஒரு சாண் மிஞ்சியதும் நில்லுங்கோ. எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு கையாலும் ரயரைக் கிள்ளிக் கிள்ளி நடுப்பள்ளத்துக்குள் தள்ளி, வால்வுப் பக்கம் இழுத்து வாருங்கோ. இரண்டு தரம் செய்தால் சாண் நான்கு விரலாகும். மிச்சத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசி உள்ளங்கையின் அடியால் உருட்டுங்கோ. எண்ணெய் வேண்டாம், றப்பரைத் தின்றுவிடும். ஏறியதும் வால்வை ஒருக்கால் உள்ளே அமத்துங்கோ. கம்பிக்கடியில் ரியூப் அகப்பட்டிருந்தால் விலகும்.

சரி, றிம்முக்குள் என்ன நாடா போட்டிருக்கிறீர்கள்?

மாங்குளத்தான்:
635 தான் அண்ணை. ஸ்போக் கம்பி முனை ரியூபில் குத்தாதிருக்கப் பழைய ரியூபை வெட்டி இரண்டு சுற்றுப் போட்டிருக்கிறேன்.

பழைய சைக்கிள் கடை:
அதுதான் காரணம்! பள்ளத்தையே நிரப்பிவிட்டீர்கள். மெல்லிய துணி நாடா ஒரு சுற்றுப் போதும், ஸ்போக் முனையிலுள்ள நிப்பிள்கள் மூடுபட்டால் சரி. கருவி என்றால் பிளாஸ்டிக் லீவர் இரண்டு, அதுவும் கழற்றத்தான். பிள்ளையின் கைக்கு அப்படியும் இறுக்கமாக இருந்தால் ரயர் ஜாக் என்று ஒன்று இருக்கிறது. ஒரு முனையை எதிர்க் கரையில் ஊன்றி, மறுமுனைக் கொக்கியால் ரயரைத் தூக்கி உள்ளே போடலாம். ரியூபில் படாது.

மாங்குளத்தான்:
நாடாவை மாற்றி, ரயரை அரைமணி நேரம் வெயிலில் போட்டு வைத்தோம். நான் றிம்மைப் பிடித்தேன், மகள்தான் ஏற்றினாள். கடைசி நான்கு விரல் வால்வடியில் டொக்கென்று விழுந்தது. காற்று இன்று காலையும் அப்படியே நிற்கிறது. மிச்சச் சவர்க்காரத் தண்ணீரோடு முன் ரயரையும் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.