அம்பு கெண்டைக்கு மேலாகவே போகிறது, உதவுங்கள்

வணக்கம். மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் உறவினரின் சொந்தக் குட்டையில், அவருடைய சம்மதத்துடன், வில்லால் கெண்டை பிடிக்கப் பழகுகிறேன். மாரி வெள்ளத்தோடு புகுந்த கெண்டைகள் அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரையே கெடுத்துவிட்டன. ஆனால் என் அம்பு அவற்றின் முதுகுக்கு மேலாகவே போகிறது.

வில் 40 இறாத்தல் இழுவிசையுள்ள ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்). அம்பு இறகில்லாத ஃபைபர்கிளாஸ், முனையில் மடங்கும் முட்கள். அம்போடு கட்டிய பின்னல் நூல், வில்லில் பொருத்திய போத்தல் ரீலில் (நூல் சேரும் போத்தல் வடிவப் பெட்டி) இருக்கிறது. மீன் ஏறத்தாழ 15 அடி தூரத்தில், 2 அடி ஆழத்தில் நிற்கிறது. நான் நிற்கும் கரை மிகவும் தாழ்வானது.

ஒளிவிலகலால் மீன் இருப்பதைவிட உயரத்தில் தெரியும் என்பது தெரியும். 10 அடி தூரம், 1 அடி ஆழத்துக்கு 4 அங்குலம் கீழே என்ற கணக்கின்படி, இங்கே தூரம் ஒன்றரை மடங்கு, ஆழம் இரு மடங்கு என்பதால் ஓரடி கீழேதான் குறி வைக்கிறேன். நீர்ப்பரப்பின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி அணிந்து, காற்று எழும்பும் முன் விடியலிலும் முயன்றேன். வைக்கோல் கட்டுக்குள் அம்பு நேராகப் பாய்கிறது. அருகில் அமிழ்த்திய தேங்காய் மட்டையிலும் தைக்கிறது. தூரம் கூடினால்தான் சிக்கல்.

நூலை அம்பின் வாலில் கட்டவில்லை, அம்புத்தண்டில் முன்னும் பின்னும் நழுவும் வளையத்தில்தான் கட்டியிருக்கிறேன். வாலில் கட்டினால் நூல் நாணில் சிக்கி அம்பு எய்தவர் மீதே திரும்பலாம். புதிதாகத் தொடங்குவோர் இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

அனுபவமுள்ள அண்ணாமாரே, அக்காமாரே, இன்னும் கீழே குறி வைப்பது, நாணில் அம்பு பொருந்தும் இடத்தை மாற்றுவது, உயரமான இடத்திலிருந்து எய்வது ஆகியவற்றில் எதை முதலில் மாற்ற வேண்டும்?