உள் உதடு பெருசா இருக்கு, ஜீன்ஸ்ல உரசி எரியுது. யாருக்காவது இப்படி இருக்கா?

பேர்வேண்டாம்27:
அக்காங்களா, இத வீட்ல கேக்கவும் முடியல. வயசு 27. கீழ, பொறப்புறுப்போட உள் உதடு வெளிய நீட்டிட்டு இருக்கு, ஒரு பக்கம் இன்னும் பெருசு, கருப்பா வேற. ஸ்கூட்டில ஆபீஸ் போறதுக்குள்ள உரசி எரிச்சல், பீரியட்ஸ்ல பேட் வச்சா கேக்கவே வேணாம். தை மாசம் கல்யாணம். நெட்ல பாத்தா எல்லாருக்கும் சின்னதா பிங்க்கா இருக்கு, அவர் பாத்து என்ன நினைப்பாரோனு தூக்கமே வரல. ஒரு கிளினிக்ல லேபியாபிளாஸ்டி, அதான் உள் உதட்ட வெட்டிச் சின்னதாக்கற ஆபரேஷன், அது பத்தி விசாரிச்சா செக் பண்ணாமயே டேட் குடுக்கறாங்க. பண்ணிக்கவா?

சுபா_மதுரை:
செக் பண்ணாம டேட்டா?! அங்க போகாதம்மா. எனக்கும் இப்படித்தான், ரெண்டு புள்ள பெத்தாச்சு, என் வீட்டுக்காரர் இதுவரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல. டைட் ஜீன்ஸ விட்டு லூசா காட்டன் போடு, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் வாசலின் தடவிக்கோ. வாசன சோப்பு, வி வாஷ் எல்லாம் வேணாம், வெறும் தண்ணி போதும். ஷேவிங்க நிறுத்திப் பாரு, முடி இல்லேன்னா உரசல் அதிகம்.

நர்ஸ்_கவி:
எரிச்சல் வேற, அழகு வேற, ரெண்டயும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. லண்டன்ல 50 பொம்பளைங்கள அளந்து 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு, உள் உதட்டோட அகலம் 7 மில்லிமீட்டர்ல இருந்து 50 வரைக்கும் இருந்துச்சு, அவ்ளோ வித்தியாசம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாம இருக்கறது ரொம்ப சாதாரணம். கருப்பா இருக்கறது நம்ம தோலுக்கு சாதாரணம், வெள்ளையாக்கற க்ரீம் தடவினா புண்ணாகலாம். நெட்ல வர்ற படம் நெறய எடிட் பண்ணது. ஆனா அரிப்பு, வெள்ளத் திட்டு, நாத்தத்தோட வெள்ளப்படுதல், ஆறாத புண்ணு இருந்தா கைனக் டாக்டர்ட்ட காட்டணும், அது சைஸ் பிரச்சன இல்ல.

பேர்வேண்டாம்27:
அரிப்பு இல்லக்கா, வண்டி ஓட்டினா மட்டுந்தான் எரியுது.

ரேவதி_கே:
நான் ஆபரேஷன் பண்ணவ. எனக்கு நடந்தாலே இழுக்கும், உக்காந்தா மடங்கி வலிக்கும், ரெண்டு கைனக் பாத்து சொன்ன அப்புறந்தான் போனேன், வருத்தம் இல்ல. ஆனா வீக்கம், தையல் வலி எல்லாம் இருந்துச்சு, வாரக்கணக்குல வண்டில உக்கார முடியல. தழும்பு விழலாம், உணர்ச்சி கொறையலாம்னு முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. கல்யாணத் தேதிக்காக அவசரப்பட்டு பண்ற விஷயமே இல்ல இது. மொதல்ல அந்த ஜீன்ஸ மாத்து.

பேர்வேண்டாம்27:
சரிக்கா. கிளினிக்ல அட்வான்ஸ் கேட்டாங்க, நல்லவேள இன்னும் கட்டல.