டிஜிகீயில் பத்து சிப் மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

பம்பு_போர்டு:
வணக்கம். மோட்டார் ஸ்டார்ட்டருக்குச் சின்னதாக ஒரு கண்ட்ரோல் போர்டு செய்கிறேன். எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப் பத்து போதும். உள்ளூரில் ஒரு கடையில் பாதி விலைக்கே தருகிறார்கள். இணையத்தில் எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் அமெரிக்க கம்பெனி டிஜிகீயில் கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்ந்துகொள்கிறது. அவ்வளவு பெரிய கம்பெனி பத்து பீஸ் கேட்பவனை மதிக்குமா?

ஈயப்புகை:
தாராளமாக. அவர்கள் வளர்ந்ததே சில்லறை வியாபாரத்தில்தான். ரொனால்ட் ஸ்டோர்டால் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர். மோர்ஸ் அடிக்க உதவும் 'டிஜி-கீயர்' என்ற உதிரிபாகக் கிட்டைத் தன்னைப் போன்ற ரேடியோக்காரர்களுக்கு விற்றவர், 1972-ல் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். அமெரிக்காவின் மினசோட்டாவில் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற ஊர். ஒன்பதாயிரம் பேர்கூடக் கிடையாது. இன்றும் தலைமையகம் அங்கேதான். 2022-ல் அதே ஊரில் 22 லட்சம் சதுர அடியில் புதுக் கிடங்கு திறந்தார்கள். பங்குச் சந்தைப் பக்கமே போகாத தனியார் கம்பெனி. (போட்டிக் கம்பெனியான மௌசரும் இதே தொழில்தான், ஆனால் அது பெர்க்‌ஷயர் ஹாத்வே கையில்.)

நம்மைப் போன்றவர்களுக்கு அவர்கள் செய்யும் பெரிய உபகாரம் 'கட் டேப்'. 0603 என்ற சின்ன அளவு ரெசிஸ்டர், 5000 பதித்த டேப் சுற்றிய ரீலாக ஆலையிலிருந்து வரும். நமக்கு இருபது வேண்டுமென்றால் டேப்பை அந்த நீளத்துக்கு வெட்டி, தனிக் கவரில் போட்டு, பார்ட் நம்பர் அச்சிட்ட லேபிள் ஒட்டி அனுப்புகிறார்கள். சிப் தயாரிப்பவரிடமிருந்து நேராக அவர்களுக்கு, அங்கிருந்து நமக்கு. நடுவில் வேறு கை படுவதில்லை. நான் காசு கொடுப்பது அதற்குத்தான்.

பம்பு_போர்டு:
உள்ளூர்க் கடைக்காரர் காட்டிய சிப்பிலும் தயாரிப்பாளரான எஸ்டி கம்பெனியின் முத்திரை இருக்கிறதே அண்ணா?

ஈயப்புகை:
முத்திரையை வைத்து முடிவு செய்யாதீர்கள் தம்பி. பழைய சிப்பின் முகத்தைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு அடித்து, புது எழுத்துப் போட்டு விற்பது உண்டு. பஞ்சில் அசிட்டோன் தொட்டு அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கறுப்பு பஞ்சில் ஏறினால் வாங்காதீர்கள். ஆனால் நல்ல பூச்சு அசிட்டோனுக்கும் அசையாது. அதனால் ஒன்றை போர்டில் ஏற்றி, சிப்போடு கம்ப்யூட்டரை இணைக்கும் டீபக்கரை மாட்டுங்கள். அதில் தெரியும் ஐடி எண் அசல் எஃப்103-க்கு 1-ல் தொடங்கும். 2-ல் தொடங்கினால் அநேகமாக நகல்தான். கிணற்றடியில் ஓடப்போகிற போர்டு இது. நடுராத்திரியில் மோட்டார் நிற்காமல் ஓடினால் விவசாயி உங்களைத்தான் கேட்பார்.

காப்பர்_பாதை:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஜிகீ தளத்தில் 'மார்க்கெட்பிளேஸ்' என்று குறித்தவை அவர்கள் கிடங்கிலிருந்து வராது, சப்ளையரே அனுப்புவார், கூரியரும் தனி. அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ரெசிஸ்டர், கனெக்டர், ரிலே எல்லாம் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே வாங்கலாம். சிப்பை மட்டும் டிஜிகீயில் எடுங்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் கூரியர் செலவு பங்கிட்டுப் போகும்.

பம்பு_போர்டு:
சரி அண்ணா, சிப்பை டிஜிகீயிலேயே ஆர்டர் போடுகிறேன். கோவையில் யாராவது இந்த வாரம் ஆர்டர் போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.